இறகுக்குள் ஒளியும் சீக்கு

"நேத்து சாயங்காலம் வரைக்கும் நல்லாத்தான் மேய்ஞ்சுக்கிட்டு இருந்துச்சு. காலையில பஞ்சாரத்தைத் தூக்கினா செத்துக் கெடக்குது."

கொல்லையில் நாலு கோழி வளர்ப்பவர்கள் எல்லாருமே ஒருநாள் இதைச் சொல்லியிருப்பார்கள். சென்னையின் மேற்குப் புறநகரான அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கம் அடுக்குமாடிகளுக்கு நடுவே இன்னும் கிணறும் முருங்கையும் தப்பிப் பிழைத்திருக்கும் மனைகளில் கோழிகளும் பிழைத்திருக்கின்றன. அவற்றில் ஒன்று திடீரென்று செத்தால் பாம்பு தீண்டியிருக்கும் என்பார் ஒருவர், கண்பட்டுவிட்டது என்பார் இன்னொருவர்.

பெரும்பாலான நேரங்களில் இரண்டும் காரணமல்ல. அந்தக் கோழி நேற்றும் நன்றாக இல்லை, போன வாரமும் நன்றாக இல்லை. சில சமயம் மாதக்கணக்கில் நோயோடு நடமாடியிருக்கும். கண்ணெதிரே மேய்ந்த கோழியின் நோய் நமக்கு ஏன் தெரியவில்லை? வயதான கோழிகளிடம் இது ஏன் இன்னும் அதிகமாக நடக்கிறது? இந்த அத்தியாயத்தின் கேள்விகள் இவைதாம்.

கோழிக்கு எப்போது வயதாகிறது?

நாமக்கல் பண்ணைகளின் முட்டைக்கோழி ஏறத்தாழ ஐந்தாம் மாதத்தில் முட்டையிடத் தொடங்குகிறது. ஒன்றரை வயதைத் தாண்டிச் சிறிது காலத்தில், முட்டை குறைந்ததும் கறிக்குப் போய்விடுகிறது. கறிக்கோழியின் ஆயுள் ஆறேழு வாரம். நாட்டில் உள்ள கோடிக்கணக்கான கோழிகளில் முதுமையைப் பார்ப்பவை மிகச் சிலவே. நல்ல பாதுகாப்பு கிடைத்தால் வீட்டுக்கோழி ஐந்து முதல் எட்டு ஆண்டு வாழும், சில பத்தைத் தாண்டும். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் பீனட் என்ற பெட்டைக்கோழி 21 வயது வரை வாழ்ந்து 2023இல் இறந்தது. அப்போது உயிரோடிருந்த கோழிகளில் உலகிலேயே மிக வயதானது என்று கின்னஸ் பதிவில் இடம்பெற்றது அது.

முதுமை காணும் கோழிகள் அரிது என்பதன் விளைவு ஒன்று உண்டு. கோழி வளர்ப்புக் கையேடுகள் பெரும்பாலும் இளங்கோழிகளின் கூட்டத்தை மனத்தில் வைத்து எழுதப்படுகின்றன. ஆயிரம் கோழியில் பத்து சாகும்போது என்ன செய்வது என்று அவை சொல்லும். நாலு வயதான ஒற்றைக் கோழி தீனியைக் குறைத்தால் அதற்கு என்ன பொருள் என்பதைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

கோழி ஏன் நோயை மறைக்கிறது?

நார்வே நாட்டில் தோர்லைஃப் ஷெல்டெருப் எபே என்ற சிறுவன் வீட்டுக் கோழிகளைப் பார்த்துக் குறிப்பெழுதத் தொடங்கினான். எந்தக் கோழி எதைக் கொத்துகிறது, எது திருப்பிக் கொத்தாமல் விலகுகிறது என்று அவன் கவனித்தான். வளர்ந்தபின் 1921இல் அதை ஆய்வாக வெளியிட்டார். கோழிக்கூட்டத்தில் ஒவ்வொன்றுக்கும் ஓர் இடம் உண்டு. மேலே உள்ளது கீழே உள்ளதைக் கொத்தும், கீழே உள்ளது மேலே உள்ளதைக் கொத்தாது. இதைக் கொத்து வரிசை என்று அழைப்போம்.

இந்த வரிசை ஒருமுறை அமைந்ததோடு நின்றுவிடுவதில்லை. சோர்ந்து நிற்கும் கோழியை மற்றவை உடனே கண்டுகொள்ளும். தீனித் தட்டிலிருந்து அதை விரட்டும், தலையிலும் ஆசனவாயிலும் கொத்தும். கூட்டத்துக்கு வெளியே கீரியும் பருந்தும் நாயும் காத்திருக்கின்றன. தள்ளாடுவது எதுவோ அதைத்தான் அவை முதலில் பிடிக்கும். கோழியின் மூதாதையான செங்காட்டுக்கோழிகளில் பலவீனத்தைக் காட்டியவை அதிக நாள் தப்பவில்லை. தப்பியவற்றின் வழித்தோன்றல்களே நம் கொல்லையில் மேய்கின்றன.

அதனால் நோயுற்ற கோழி மற்றவற்றோடு ஓடிவரும், தரையைக் கொத்தும். உற்றுப் பார்த்தால்தான் கொத்துகிறதே தவிர விழுங்கவில்லை என்பது தெரியும். அது கழுத்தைச் சுருக்கி, இறகை உப்பி, கண்ணை மூடித் தூங்கி நிற்கும்போதுதான் நாம் சீக்குக்கோழி என்கிறோம். மறைக்கும் தெம்பும் தீர்ந்துபோன கடைசிக் கட்டம் அது.

கோழியின் இரண்டாவது மறைவிடம் இறகு. உள்ளே சதை கரைந்து எலும்பு துருத்தினாலும் வெளித்தோற்றம் அப்படியே இருக்கும். குளிர் தாங்காத மெலிந்த கோழி இறகை உப்பிக்கொள்வதால் முன்னைவிடக் கொழுத்ததாகவே தோன்றும்.

முட்டை தீர்ந்துவிடுகிறதா?

வயதான கோழி முட்டையை நிறுத்தினால், வயிற்றில் இருந்த முட்டையெல்லாம் தீர்ந்துவிட்டது என்பார்கள். உண்மை வேறு. பெட்டைக்குஞ்சு பொரிந்து வரும்போதே அதன் சூலகத்தில் லட்சக்கணக்கான கருவணுக்கள் இருக்கின்றன. வாழ்நாள் முழுதும் இட்டாலும் அவற்றில் சில நூறுதான் முட்டையாகும். தீர்ந்துபோவது கரு அல்ல, அதை முட்டையாக்கும் உடலின் தெம்பு.

அந்த உழைப்பு எளிதானதல்ல. கோழிக்கு இடப்பக்கச் சூலகம் மட்டுமே வளர்ச்சி பெறும். அதிலிருந்து மஞ்சள்கரு விடுபட்டு முழு முட்டையாக வெளிவர 25 மணி நேரம் ஆகும். அதில் 20 மணி நேரம் ஓடு கட்டுவதற்கே போகிறது. ஓர் ஓட்டுக்குச் சுமார் 2 கிராம் சுண்ணாம்புச் சத்து வேண்டும். ஓடு பெரும்பாலும் இரவில் கட்டப்படுகிறது. அப்போது கோழி தின்பதில்லை. எனவே கால் எலும்புகளின் உட்குழிவில் சேமித்து வைத்த சுண்ணாம்பைக் கரைத்துக் கொடுக்கிறது. வயதாக ஆக, குடல் சுண்ணாம்பை உறிஞ்சும் திறன் குறைகிறது. முட்டையோ பெரிதாகிறது. பெரிய முட்டைக்கும் அதே அளவு ஓட்டுப்பொருள்தான் கிடைப்பதால் ஓடு மெலிகிறது. தோல்முட்டை இடும் கிழக்கோழியின் எலும்பும் மெலிந்துகொண்டிருக்கக் கூடும்.

இன்னொரு விலையும் உண்டு. மஞ்சள்கரு விடுபடும் ஒவ்வொரு முறையும் சூலகத்தின் மேல்தோல் கிழிந்து ஆறுகிறது. ஆறும்போது செல்கள் பிரிந்து பெருகுகின்றன. பிரியும்போது பிழை நேரலாம். எகிப்திய மருத்துவர் மஹ்மூத் ஃபதல்லா 1971இல் பெண்களைப் பற்றி இந்தக் கருத்தை முன்வைத்தார்: இடைவிடாமல் கருமுட்டை வெளிவருவதற்கும் சூலகப் புற்றுநோய்க்கும் தொடர்பு இருக்கலாம். ஒரு பெண்ணின் வாழ்நாளில் இது ஏறத்தாழ 400 முறை நடக்கும். ஆண்டுக்கு 300 முட்டை இடும் பண்ணைக்கோழி அந்த எண்ணிக்கையை ஒன்றரை ஆண்டுக்குள் எட்டிவிடுகிறது. இரண்டு மூன்று வயதைத் தாண்டிய முட்டைக்கோழிகளுக்குச் சூலகப் புற்று தானாகவே, கணிசமான அளவில் வருகிறது. மனிதருக்கு வரும் இந்த நோயை ஆராய உலகின் பல ஆய்வகங்கள் கோழியைப் பயன்படுத்துவது அதனால்தான்.

சிறுவிடை போன்ற நாட்டுக்கோழி பத்துப் பதினைந்து முட்டை இட்டதும் அடைக்குப் படுத்துவிடும். முட்டை வீணாகிறதே என்று நாம் அலுத்துக்கொள்ளும் அந்த நாட்களில் அதன் சூலகம் ஓய்வெடுக்கிறது. ஓய்வில்லாமல் இடுவதற்கென்றே தேர்ந்தெடுத்து வளர்த்த இனங்களுக்கு முதுமையில் வரும் பெரும்பாலான தொல்லைகள் முட்டை உருவாகும் பாதையிலிருந்தே தொடங்குகின்றன.

தராசு காட்டாத நோய்

ஓர் எடுத்துக்காட்டை முழுமையாகப் பார்ப்போம். திருமுல்லைவாயலில் ஒரு வீட்டில் நாலு வயதான கிராமப்பிரியா இனக் கோழி இருப்பதாக வைத்துக்கொள்வோம். கடைசி முட்டை டிசம்பரில் இட்டது. அந்த வீட்டு அம்மா கவனமானவர். மாதம் ஒருமுறை கோழியைத் துணிப்பையில் போட்டுத் தராசில் நிறுக்கிறார். ஜனவரியில் 1,900 கிராம், பிப்ரவரியில் 1,880, மார்ச்சில் 1,890, ஏப்ரலில் 1,900. எடை குறையவில்லை, கோழி நலமாக இருக்கிறது என்று அவர் நினைக்கிறார். மே மாதம் ஒரு காலையில் கோழி செத்துக் கிடக்கிறது.

தராசு பொய் சொல்லவில்லை. அது கூட்டுத்தொகையை மட்டும் சொன்னது. நாலு மாதத்தில் நெஞ்சிலும் தொடையிலும் 250 கிராம் சதை கரைந்தது. அதே காலத்தில் வயிற்றுக்குள் 250 மில்லி நீர் கோத்தது. ஒரு மில்லி நீரின் எடை ஏறக்குறைய ஒரு கிராம். கழிந்ததும் சேர்ந்ததும் சமமானதால் முள் அசையவில்லை.

இந்தக் கோழியைத் தராசில் வைக்காமல் கையில் எடுத்திருந்தால் என்ன தெரிந்திருக்கும்?

முதலில் நெஞ்சு. நெஞ்சின் நடுவே நீளவாக்கில் ஓர் எலும்பு ஓடுகிறது. இறகுக்குள் விரலை நுழைத்து அதன் இரு பக்கமும் தடவ வேண்டும். நல்ல நிலையில் சதை எலும்பின் விளிம்பு வரை நிரம்பியிருக்கும். ஜனவரியில் அப்படித்தான் இருந்தது. மார்ச்சில் இரு பக்கமும் பள்ளம் விழத் தொடங்கியது. ஏப்ரலில், மடக்கிய கையின் விரல்முட்டிபோல எலும்பு தனியே துருத்திக்கொண்டு நின்றது.

இரண்டாவது வயிறு. ஆசனவாய்க்குக் கீழே இரு பக்கமும் கூரான சிறு இடுப்பெலும்புகள் இருக்கும். முட்டையிடும் பருவத்தில் இரண்டுக்கும் இடையே இரண்டு மூன்று விரல் நுழையும், வயிறும் மெத்தென்று விரிந்திருக்கும். முட்டையை நிறுத்தினால் எலும்புகள் நெருங்கி ஒரு விரல்தான் நுழையும், வயிறும் சுருங்கும். நம் கோழி டிசம்பரிலிருந்து முட்டையிடவில்லை. ஆனால் ஏப்ரலில் அதன் வயிறு உள்ளங்கை நிறைய உப்பி, நீர் நிரம்பித் தளதளத்தது. இந்த முரண்தான் தடயம்.

மூன்றாவது மூச்சு. கோழிக்கு நம்மைப்போல உதரவிதானம் கிடையாது. நெஞ்செலும்பு ஏறி இறங்குவதால் உடலெங்கும் உள்ள காற்றுப்பைகள் விரிந்து சுருங்குகின்றன. வயிற்றில் நீர் கோக்கும்போது அந்தப் பைகளுக்கு இடமில்லாமல் போகிறது. சும்மா நிற்கும்போதே ஒவ்வொரு மூச்சுக்கும் வால் ஏறி இறங்கினால் கோழி மூச்சுக்குப் போராடுகிறது என்று பொருள். இத்தகைய கோழியைக் காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்குவதோ நெஞ்சை இறுக்கிப் பிடிப்பதோ அந்த நொடியிலேயே உயிரைப் பறிக்கலாம்.

நீர் கோப்பதற்குப் பல காரணங்கள் உண்டு. சூலகப் புற்று ஒன்று. குழாயில் விழ வேண்டிய மஞ்சள்கரு வழிதவறி வயிற்றுக்குள் விழுந்து, அதில் கிருமி சேர்ந்து சீழ் பிடிப்பது இன்னொன்று. இதயம் அல்லது கல்லீரல் தளர்வது மற்றொன்று. ஊசி வழியே எடுத்த நீர் தெளிவாக இருக்கிறதா, கலங்கி மஞ்சள்கருத் துணுக்குகளோடு இருக்கிறதா என்பதை வைத்து மருத்துவர் காரணத்தை ஓரளவு ஊகிப்பார். வீட்டில் நாமே ஊசி போட்டு நீரை இறக்குவது ஆபத்து.

நாளுக்கு இரண்டு தொடுகை

இவ்வளவையும் தினமும் செய்ய வேண்டியதில்லை. கழுத்தின் அடியில், நெஞ்சின் வலப்புறம் தீனிப்பை இருக்கிறது. தின்றது முதலில் இங்குதான் தங்கும். கோழி அடையும் நேரத்தில் தொட்டால் அது நிரம்பியிருக்க வேண்டும். விடியற்காலை, தீனி போடும் முன் தொட்டால் காலியாக இருக்க வேண்டும்.

இரவில் காலியாக இருந்தால் கோழி அன்று தின்னவில்லை. பகலில் அது நடித்தாலும் இங்கே அகப்பட்டுவிடும். காலையில் நிரம்பியிருந்தால் தீனி கீழே இறங்கவில்லை. கெட்டியாக இருந்தால் நீளப் புல்லோ நாரோ அடைத்திருக்கலாம். தளதளவென்று இருந்து வாயில் புளித்த வாடை வந்தால் உள்ளே நொதித்துப் பூஞ்சை பெருகியிருக்கலாம்.

இருட்டியபின் கோழிக்குக் கண் சரியாகத் தெரியாது, ஓடாது. ஆகவே நெஞ்சையும் வயிற்றையும் வாரம் ஒருமுறை அந்த நேரத்தில் தடவிப் பார்ப்பது இருவருக்கும் வசதி. இறக்கையின் அடியிலும் ஆசனவாயைச் சுற்றியும் பேனும் செள்ளும் இருக்கின்றனவா என்று அப்போதே பார்த்துவிடலாம். செள்ளில் ஒருவகை பகலில் கூண்டின் இடுக்கில் ஒளிந்து இரவில் மட்டுமே ஏறி ரத்தம் குடிக்கும்.

எச்சம் எழுதும் அறிக்கை

கோழி தனியாகச் சிறுநீர் கழிப்பதில்லை. சிறுநீரகம் பிரிக்கும் கழிவு, வெள்ளைக் குழைவாக மலத்தோடு சேர்ந்தே வருகிறது. பழுப்பு உருண்டையும் மேலே வெள்ளைத் தொப்பியும் இருந்தால் நலம். இடையிடையே கூழாக, கரும்பழுப்பாக, கடும் நாற்றத்தோடு ஒன்று வரும். அது குருட்டுக்குடலிலிருந்து வருவது, பயப்பட வேண்டாம்.

கரும்பச்சையாகக் கொஞ்சமே வந்தால் வயிறு காலி. கோழியின் பித்தநீர் பச்சை நிறம், தீனி இல்லாத குடலில் அது மட்டும் இறங்குகிறது. ரத்தம் கலந்தால் ரத்தக்கழிச்சலோ குடற்புழுவோ இருக்கலாம். வெள்ளையும் பச்சையுமாக நீர்த்துக் கழிந்து, வாயைத் திறந்து மூச்சு வாங்கி, கழுத்தும் திருகினால் வெள்ளைக்கழிச்சலைச் சந்தேகிக்க வேண்டும்.

இந்த நோய் 1926இல் ஜாவாவிலும் இங்கிலாந்தின் நியூகாசிலிலும் கண்டறியப்பட்டது. அடுத்த ஆண்டே இமயமலை ஊரான ராணிக்கெட்டில் தோன்றியதால் இந்தியாவில் ராணிக்கெட் நோய் என்று பெயர் பெற்றது. வைரஸால் வருவதால் வந்தபின் மருந்தில்லை, தடுப்பு மட்டுமே. ராணிப்பேட்டையில் உள்ள கால்நடை நோய்த் தடுப்பு மருந்து நிலையம் இதற்கான தடுப்பூசியைத் தயாரிக்கிறது. மாதவரத்தைத் தலைமையிடமாகக் கொண்ட கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம், தீனியைப்போலவே கோழி கொத்தித் தின்னும் குருணைத் தடுப்பு மருந்தை உருவாக்கியது. குஞ்சில் போட்டது போதும் என்று இருந்துவிடக் கூடாது. ஆண்டுகள் செல்லச் செல்லப் பாதுகாப்பு குறையும், வயதான கோழிக்கும் மறுபடி போட வேண்டும்.

நோய் போலத் தோன்றுபவை

எல்லா மாற்றமும் நோயல்ல. ஆண்டுக்கொருமுறை கோழி இறகுதிர்க்கும். அப்போது முட்டை நிற்கும், கொண்டை சுருங்கி வெளுக்கும், தொட்டால் விலகும். புது இறகின் குருத்து வலிக்கும் என்பதுதான் விலகலுக்குக் காரணம். இறகு பெரும்பாலும் புரதம், ஆகவே அந்நாட்களில் கருவாட்டுத் தூளோ வேகவைத்த பயறோ கூடுதலாகக் கொடுக்கலாம். உதிர்ந்த இடத்தில் குருத்து முளைத்து, தீனிப்பையும் இரவில் நிரம்பியிருந்தால் கவலை வேண்டாம்.

கத்திரி வெயிலில் வாயைத் திறந்து இறக்கையை அகட்டி நிற்பதும் அப்படித்தான். கோழியின் உடல் வெப்பம் இயல்பாகவே 41 டிகிரி செல்சியஸுக்கு மேல். வியர்வைச் சுரப்பி கிடையாது, மூச்சிறைத்துத்தான் சூட்டை வெளியேற்ற வேண்டும். நிழலும் தண்ணீரும் கிடைத்ததும் இறைப்பு அடங்கினால் அது வெயில். மாலை குளிர்ந்தபின்னும் இறைத்தால் நோய். கருஞ்சிவப்போ நீலமோ பாய்ந்த கொண்டை எந்தப் பருவத்திலும் எச்சரிக்கைதான்.

முதுமைக்கு ஏற்ற கொல்லை

தேய்ந்த மூட்டோடு உயரமான கிளையிலிருந்து குதிக்கும் கோழிக்குப் பாதத்தில் புண் வரும். முழங்கால் உயரத்தில் அகலமான சட்டம் அடித்தால் போதும். தீனித் தட்டும் தண்ணீரும் இரண்டு இடத்தில் இருந்தால், கொத்து வரிசையில் இறங்கிவிட்ட கிழக்கோழி பசியில்லாமல் இருக்கும். முட்டைக்கோழித் தீவனத்தில் சுண்ணாம்பு மிகுதி, முட்டையிடாத கோழியின் சிறுநீரகத்தை அது கெடுக்கும். சாதாரணத் தீவனத்தைப் போட்டுவிட்டு, கிளிஞ்சல் நொறுக்கைத் தனிக் கிண்ணத்தில் வைத்தால் வேண்டியது மட்டும் தின்னும்.

மேற்குப் புறநகருக்கே உரிய கேடு ஐப்பசி, கார்த்திகையில் வருகிறது. ஏரிகளின் ஓரத்திலும் உபரிநீர் ஓடும் வழியிலும் எழுந்த குடியிருப்புகள் இவை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது அம்பத்தூர் தொழிற்பேட்டையே நீரில் மூழ்கியது. நனைந்த உமியில் எச்சம் ஊறினால் அம்மோனியா கிளம்பும். கோழியின் மூக்கு தரைக்கு அருகில் இருப்பதால் நமக்கு நெடி தெரியும் முன்பே அதன் மூச்சுக்குழாய் புண்ணாகிவிடும். கூண்டைத் தரையிலிருந்து உயர்த்திக் கட்டுவதும் உமியை அடிக்கடி மாற்றுவதும் எந்த மருந்தையும்விட மேல்.

மருத்துவரிடம் போகும்போது

வீட்டில் மிஞ்சிய மாத்திரையைப் பொடித்துக் கொடுப்பது பரவலான வழக்கம். நோய்க்கிருமிகள் மருந்துக்குப் பழகிவிடும் என்ற அச்சத்தால்தான் கொலிஸ்டின் என்ற மருந்தைக் கோழி உள்ளிட்ட உணவு விலங்குகளுக்குக் கொடுக்க 2019இல் இந்திய அரசு தடை விதித்தது. மருந்தின் மிச்சம் முட்டைக்கும் வரும். அரசுக் கால்நடை மருந்தகங்கள் அருகிலேயே உள்ளன. 1962 என்ற எண்ணில் நடமாடும் மருத்துவ ஊர்தியை அழைக்கலாம். கடினமான நோய்களுக்கு 1903இல் தொடங்கி இப்போது வேப்பேரியில் இயங்கும் சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை இருக்கிறது. அடுத்தடுத்துப் பல கோழிகள் செத்தால் வெறுங்கையால் தொடாமல் கால்நடைத் துறைக்குத் தகவல் சொல்ல வேண்டும். பறவைக் காய்ச்சலாக இருந்தால் அது மனிதருக்கும் ஆபத்து.

மருத்துவருக்கு மிகவும் உதவுவது நாம் கொண்டுபோகும் குறிப்புதான். கடைசி முட்டை எப்போது, தீனிப்பை எத்தனை நாளாக நிரம்பவில்லை, நெஞ்சுச் சதை எந்த மாதத்திலிருந்து கரைகிறது என்று சொன்னால் அவர் பாதி வழியிலிருந்து தொடங்குவார். திருமுல்லைவாயல் கோழியின் மெலிவு மார்ச்சிலேயே தெரிந்திருந்தாலும், காரணம் புற்றாக இருந்தால் குணமாகியிருக்காது. ஆனாலும் பலன் உண்டு. நீரை இறக்கி மூச்சை எளிதாக்கியிருக்கலாம். மற்றவை கொத்தாதபடி, அவற்றின் பார்வையிலேயே ஒரு வலைத்தடுப்புக்குள் தனியே வைத்திருக்கலாம். வேதனை மிஞ்சும்போது மருத்துவரே வலியில்லாமல் முடித்துவைக்கக் கேட்டிருக்கலாம். செத்தபின் உடற்கூறாய்வு செய்தால், தொற்றும் நோயா இல்லையா என்பது தெரிந்து மீதிக் கோழிகளுக்கு வேண்டியதைச் செய்யலாம்.

இந்த முடிவுகளை எடுக்க அவகாசம் வேண்டும். தூங்கி நிற்கும் கோழி ஒரு நாளோ இரண்டு நாளோதான் அவகாசம் தரும். இறகுக்குள் போகும் விரல் சில மாதங்களைப் பெற்றுத் தரும்.